கூங்கி ஏரிக்குப் போக நினைப்பவர்களுக்கு: ஆவணம், செலவு, காலக் கணக்கு

தெற்கு ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில் இன்னமிங்கா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து வடமேற்கே சுமார் 110 கி.மீ. மண்பாதையில் போனால் கூங்கி ஏரியை அடையலாம். சுற்றிலும் மணல்மேடுகளும் வெடித்த களிமண் சமவெளியும் கிடக்க, நடுவே நன்னீர் ஏரிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிந்து நிரம்பும் இந்தப் பகுதி, மல்கும்பா–கூங்கி ஏரிகள் தேசியப் பூங்கா என்ற பெயரில் பாதுகாக்கப்படுகிறது. 1987 முதல் இது, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. பூங்காத் துறை, சாலைத் துறை, வாடகை வண்டி ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம் என்று நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும் விதிகளைத் தேடிச் சேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அடிலெய்டு, மெல்பர்ன், சிட்னி நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களும், ஊரிலிருந்து அவர்களைப் பார்க்க வருபவர்களும் அதே சிரமத்தைப் படவேண்டியதில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வழக்கமான சுற்றுலாவில் முதலில் விடுப்பு, பிறகு பயணச்சீட்டு, பிறகு தங்குமிடம் என்று போவோம். இங்கே அந்த வரிசை உதவாது. முதலில் தண்ணீர், அடுத்து சாலை, அதன் பிறகு வண்டி, விடுப்பு கடைசியில்தான்.

1. ஆற்றைப் பார்த்த பிறகு நாட்காட்டியைப் பாருங்கள்

ஏரிகளுக்கு நீர் தருவது கூப்பர் கிரீக்கின் வடமேற்குக் கிளை. குயின்ஸ்லாந்தில் தாம்சன், பார்கூ என்னும் இரண்டு ஆறுகள் விண்டோராவுக்கு அருகில் கூடித்தான் இந்த ஓடை பிறக்கிறது. இரண்டு ஆறுகள் கூடியதற்கு ஓடை என்று பெயர் வைத்திருப்பது அந்நாட்டவருக்கே ஒரு வேடிக்கைதான். உங்கள் திட்டத்தைப் பொறுத்தவரை இதில் கவனிக்கவேண்டியது ஒன்று: இன்னமிங்காவில் ஒரு துளி மழைகூடப் பெய்யாமல், வானம் தெளிவாக இருக்கும்போதே, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழையின் வெள்ளம் வாரக்கணக்கில் ஊர்ந்துவந்து கூப்பரின் குறுக்கேயுள்ள தரைப்பாலத்தையும் ஏரிக்குப் போகும் பாதையையும் மூழ்கடித்துவிடும். 2025 மார்ச், ஏப்ரலில் மேற்குக் குயின்ஸ்லாந்தில் ஏற்பட்ட பெருவெள்ளம் அப்படித்தான் கீழே இறங்கி வந்தது.

ஆகவே இன்னமிங்காவின் வானிலை முன்னறிவிப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் தளத்தில், விண்டோராவிலும் அதற்குக் கீழேயும் கூப்பரின் நீர்மட்டம் எவ்வளவு என்பதைப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வாரம் ஒருமுறை பாருங்கள். மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வெள்ளம் வடிந்து பாதை திறந்த பிறகு வரும் மாதங்களில்தான் ஏரியும் பறவைகளும் செழிப்பாக இருக்கும் என்பதால், இந்தக் காத்திருப்பில் நட்டம் ஏதுமில்லை.

பருவம் மே முதல் செப்டம்பர் வரை. அங்கே கோடையான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் 45 பாகையைத் தாண்டும். அந்த மாதங்களில் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஜூன், ஜூலை இரவுகளில் நல்ல குளிர் இருக்கும் என்பதால் சென்னைக் குளிருக்கு வாங்கிய போர்வை போதாது. ஜூலைப் பள்ளி விடுமுறையிலும், இன்னமிங்காவில் குதிரைப் பந்தயம் நடக்கும் ஆகஸ்ட் இறுதியிலும் விடுதி அறை கிடைப்பது கடினம்.

2. வண்டி: முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்துமூல அனுமதி

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஃபோர்வீல் டிரைவ் வண்டியை வாடகைக்கு எடுத்துவிட்டால் எங்கும் போகலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான நிறுவனங்கள் சாதாரண வாடகை ஃபோர்வீல் வண்டியையும் தார்ச்சாலையில் மட்டுமே ஓட்டச் சொல்கின்றன. மண்சாலைக்கென்று தனியாக வாடகைக்கு விடும் நிறுவனங்களின் ஒப்பந்தத்திலும் முன் அனுமதி வேண்டிய பாதைகள், அறவே கூடாத பாதைகள் என்று ஒரு பட்டியல் பின்பக்கத்தில் இருக்கும். ஆகவே, “ஸ்ட்ரெலெக்கி டிராக், இன்னமிங்கா, கூங்கி ஏரிப் பாதை ஆகிய மூன்றிலும் ஓட்ட அனுமதி உண்டா?” என்று மூன்று பெயர்களையும் தனித்தனியே எழுதி மின்னஞ்சலில் கேளுங்கள். ஸ்ட்ரெலெக்கி டிராக் என்பது லிண்ட்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரிலிருந்து இன்னமிங்கா வரை போகும் நெடும்பாதை. தொலைபேசியில் ஒருவர் சரி என்று சொன்னதை வைத்துப் பணம் கட்டவேண்டாம். வரும் பதிலை அச்செடுத்து வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் படிக்கவேண்டிய வரிகள் நான்கு. இருட்டிய பிறகு நகர்ப்புறத்துக்கு வெளியே ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பெரும்பாலும் இருக்கும். நீரில் இறங்கியதால் வரும் சேதம், வண்டியின் அடிப்பகுதிச் சேதம், ஒற்றை வண்டி கவிழ்வதால் வரும் சேதம் ஆகியவற்றைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை. மூடப்பட்ட சாலையில் ஓட்டினால் எதுவுமே செல்லாது. மணலில் சிக்கிய வண்டியை மீட்கும் செலவு முழுவதும் உங்களுடையது. அத்தனை தொலைவிலிருந்து இழுவை வண்டி வரவேண்டுமென்றால் அது ஆயிரக்கணக்கான டாலர்.

சொந்த வண்டி உள்ளவர்கள், வழியில் வண்டி நின்றால் உதவும் வாகனச் சங்கத்தின் உறுப்பினர் அட்டையை நம்பி இருந்துவிடாமல், இலவசமாக இழுத்துச் செல்லும் தொலைவு எத்தனை கிலோமீட்டர், மண்பாதைக்கு அது பொருந்துமா என்பதைத் தங்கள் திட்டத்தில் பார்த்துவிடவேண்டும். வண்டிக்குத் தாழ்வேகப் பற்சக்கரம், நல்ல தரை இடைவெளி, இயன்றால் இரண்டு மாற்றுச் சக்கரங்கள், காற்றடிக்கும் கருவி, காற்றழுத்தமானி, மண்வாரி, மணலில் சக்கரத்துக்கு அடியில் போடும் மீட்புப் பலகைகள் ஆகியவை தேவை. கேரவன் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

3. ஓட்டுநர் உரிமமும் காப்பீடும்

ஊரிலிருந்து பார்வையாளர் விசாவில் வந்து வண்டி ஓட்டப்போகிறவர், இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் வாங்கி வருவது நல்லது. அதை உங்கள் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில்தான் வாங்க முடியும். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். ஆஸ்திரேலியாவுக்கு வந்து இறங்கிய பிறகு இந்திய அனுமதியை இங்கே பெற வழியில்லை. நிரந்தர வதிவிட விசா பெற்றவர்கள் வெளிநாட்டு உரிமத்தைக் குறிப்பிட்ட மாதங்களுக்குள் உள்ளூர் உரிமமாக மாற்றியிருக்கவேண்டும். அந்தக் கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அதைத் தாண்டியிருந்தால் விபத்தின்போது காப்பீடு கைவிட்டுவிடும்.

அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இருந்தாலும் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஆம்புலன்ஸ் செலவு அதில் சேராது. அதற்குத் தனிக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவை அழைத்துச் செல்வதானால், அவர்களுடைய பயணக் காப்பீடு தொலைதூர மருத்துவ மீட்பையும் முன்பே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்த நோய்களையும் ஏற்கிறதா என்று பாருங்கள். அவர்களின் மாத்திரைகளை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். இன்சுலின் போடுபவர் உடன் வந்தால் வண்டியில் குளிர்பெட்டி கட்டாயம் இருக்கவேண்டும். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களை, ஏரிவரை அழைத்துப் போகாமல், உடன் ஒருவரை இருத்தி இன்னமிங்கா விடுதியில் தங்கவைப்பதே மேல் என்பது என் கருத்து.

4. பூங்கா அனுமதிச்சீட்டு

தெற்கு ஆஸ்திரேலியப் பூங்காத் துறையின் தளத்தில் ‘டெசர்ட் பார்க்ஸ் பாஸ்’ என்ற ஓராண்டு அனுமதி கிடைக்கிறது. வண்டி ஒன்றுக்கு ஒன்று வாங்கினால், கூங்கி உட்பட அம்மாநிலத்தின் பாலைவனப் பூங்காக்களில் நுழையவும் முகாமிடவும் அது செல்லும். கூங்கிக்கு மட்டும் ஓரிரு இரவு போகிறவர்கள், நுழைவுக் கட்டணத்தையும் இரவுக் கட்டணத்தையும் தனியாகக் கட்டினால் எவ்வளவு வரும் என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சிம்சன் பாலைவனத்துக்கும் போகும் எண்ணமிருந்தால் மட்டுமே ஓராண்டு அனுமதி கட்டுப்படியாகும். அரசுக் கட்டணங்கள் ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று மாறுகின்றன என்பதால், ஜூலைப் பயணத்துக்கு மே மாதம் பார்த்த தொகையை நம்பவேண்டாம்.

சீட்டை நகரத்தில் இருக்கும்போதே வாங்கி அச்செடுத்து விடுங்கள். ஏரிக்கரையில் இணையமும் இருக்காது, சீட்டு விற்பவரும் இருக்கமாட்டார்.

5. தொடர்புக் கருவிகள்

லிண்ட்ஹர்ஸ்டைத் தாண்டிய பிறகு கைப்பேசியை நம்பிப் பயனில்லை. எங்காவது சிக்னல் கிடைத்தால் அது டெல்ஸ்ட்ரா நிறுவனத்துடையதாகத்தான் இருக்கும். ஏரியில் அதுவும் இல்லை. மூன்று கருவிகள் வேண்டும்.

செயற்கைக்கோள் தொலைபேசியை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். ஐஃபோன் 14-உம் அதற்குப் பிந்தியவையும் ஆஸ்திரேலியாவில் செயற்கைக்கோள் வழியே அவசரச் செய்தி அனுப்பக்கூடியவை. ஆனால் டயர் கிழிந்துவிட்டது என்று இன்னமிங்காக் கடைக்குச் சொல்ல அந்த அவசர வசதி உதவாது, பேசும் வசதியுள்ள கருவிதான் வேண்டும்.

வண்டிக்கு வண்டி பேச உதவும் யூஎச்எஃப் வானொலி விலை குறைந்தது, எரிவாயு வயல் லாரிகள் வரும் சாலையில் மிகவும் தேவையானது. நெடுஞ்சாலையில் அலைவரிசை 40-இல் வைத்திருங்கள். 5, 35 ஆகிய இரண்டும் அவசரத்துக்கானவை, வெட்டிப்பேச்சுக்கு அவற்றைத் தொடக்கூடாது.

மூன்றாவது, பிஎல்பி எனப்படும் 406 மெகாஹெர்ட்ஸ் ஆள்மீட்புக் குறிகாட்டி. புதிதாக வாங்கினால் 300 முதல் 500 டாலர் வரை ஆகும். ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் அதை உங்கள் பெயரில் இலவசமாகப் பதிவுசெய்து, எந்தப் பாதையில் எத்தனை பேர் போகிறீர்கள் என்ற விவரத்தையும் சேர்த்துவிடுங்கள். மின்கலம் காலாவதியாகும் நாள் கருவியின் மேலேயே அச்சிட்டிருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே அதை அழுத்தவேண்டும், வண்டி மணலில் சிக்கியதற்காக அழுத்தக்கூடாது. அது அழைத்துவருவது தேடல் மீட்புக் குழுவை, மெக்கானிக்கை அல்ல.

இவற்றோடு, நகரத்தில் பொறுப்பான ஒருவரிடம் பயணத் திட்டத்தை எழுதிக்கொடுத்து, எந்த நாள் எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் காவல்துறைக்குச் சொல்லவேண்டும் என்பதையும் குறித்துக்கொடுங்கள்.

6. எரிபொருள், தண்ணீர், மொத்தச் செலவு

அடிலெய்டிலிருந்து போர்ட் ஆகஸ்டா, ஹாக்கர், லீ கிரீக் வழியாக லிண்ட்ஹர்ஸ்டுக்கு ஏறக்குறைய 590 கி.மீ.; அங்கிருந்து ஸ்ட்ரெலெக்கி டிராக்கில் இன்னமிங்கா 470 கி.மீ. இந்த 470 கி.மீ.க்கு இடையில் எரிபொருள் கிடையாது. வழியில் மூம்பா என்று வரைபடத்தில் பெரிதாகத் தெரியும் இடம் எரிவாயு ஆலை. அங்கே பொதுமக்களுக்கு எரிபொருளோ உணவோ தரமாட்டார்கள். நூறு கிலோமீட்டருக்கு 14 லிட்டர் குடிக்கும் டீசல் வண்டிக்கு இந்தத் துண்டுக்கு மட்டும் 66 லிட்டர் வேண்டும். இன்னமிங்காவிலிருந்து ஏரிக்குப் போய்வர 220 கி.மீ.தான் என்றாலும், மணலில் வண்டி கூடுதலாகக் குடிக்கும் என்பதால் 45 லிட்டர் ஒதுக்குங்கள். தொட்டி நிறைய நிரப்பியது போக, 20 லிட்டர் கேனில் ஒன்றோ இரண்டோ கூடுதலாக இருக்கட்டும். சாலை மூடியிருந்து திறக்கும் காலங்களில் இன்னமிங்காக் கடையில் எரிபொருள் தீர்ந்திருக்கலாம். கிளம்புமுன் அவர்களுக்கு ஒரு தொலைபேசி செய்துவிடுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று கணக்கிட்டு, திட்டமிட்டதைவிட மூன்று நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தாலும் போதுமான அளவு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். ஒரு விரிசல் போதும். ஏரி நன்னீர்தான் என்றாலும் கலங்கலானது, பறவைகளும் கால்நடைகளும் புழங்கும் ஆற்றிலிருந்து வருவது. வடிகட்டிக் கொதிக்கவைக்காமல் குடிக்கவேண்டாம்.

நால்வர் ஒரு வண்டியில் ஒன்பது நாள் போய்வருவதற்கு நான் சொல்லும் உத்தேசக் கணக்கு இது. மண்சாலை அனுமதியுள்ள வாடகை வண்டி நாளுக்கு 200 முதல் 300 டாலர். சேதப் பொறுப்பைக் குறைக்கும் கட்டணம் தனி. மொத்தத் தொலைவு 2,400 கி.மீ. என்று கொண்டால் 340 லிட்டருக்குக் குறையாத எரிபொருள். நகர விலையை வைத்துக் கணக்கிடாமல் லிட்டருக்கு 3 டாலர் என்று வைத்தாலும் ஏறத்தாழ ஆயிரம் டாலர். தொடர்புக் கருவி, அனுமதிச்சீட்டு, உணவு, இரண்டு மூன்று விடுதி இரவுகள் எல்லாம் சேர்த்து 4,500 முதல் 5,500 டாலர் வரை ஒதுக்கினால் நடுவில் கையைப் பிசையவேண்டியதில்லை. அட்டை இயந்திரம் வேலை செய்யாத நாள்களுக்காகச் சில நூறு டாலர் ரொக்கமும் வேண்டும்.

7. உணவுப் பொருள்: மாநில எல்லையில் கவனம்

பழ ஈக் கட்டுப்பாட்டின் காரணமாக, வேறு மாநிலங்களிலிருந்து பழங்களையும் பல காய்கறிகளையும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவரக்கூடாது. மெல்பர்ன், சிட்னியிலிருந்து வருபவர்கள் வாங்கிய தக்காளி, பச்சை மிளகாய், மாம்பழம் எல்லாவற்றையும் யாம்பா, உட்லா விர்ரா சோதனைச் சாவடிகளில் கொட்டிவிட்டுத்தான் வரவேண்டியிருக்கும். மறைத்து எடுத்துவந்தால் அபராதம். ஆகவே பச்சைக் காய்களை அடிலெய்டிலோ போர்ட் ஆகஸ்டாவிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏரிப் பூங்காவுக்குள் விறகுத் தீ ஆண்டு முழுவதும் தடை. எரிவாயு அடுப்பு மட்டுமே. சிறிய குக்கர் ஒன்று தண்ணீரையும் எரிவாயுவையும் மிச்சப்படுத்தும். முதல் நாளுக்குப் புளியோதரை, பிறகு அவல், ரவை, பருப்புப்பொடி, ஊறுகாய் என்று எளிமையாக வைத்துக்கொண்டால் பாத்திரம் கழுவும் தண்ணீரும் குறையும்.

8. அடிலெய்டிலிருந்து இன்னமிங்கா வரை

முதல் நாள் லீ கிரீக் அல்லது லிண்ட்ஹர்ஸ்டில் தங்குங்கள். லீ கிரீக்கில் மருத்துவ வசதி உண்டு. அதற்கு அப்பால் நெருக்கடியில் வருவது பறக்கும் மருத்துவர் சேவைதான். மறுநாள் காலை, தெற்கு ஆஸ்திரேலியச் சாலைத் துறையின் அவுட்பேக் எனப்படும் உட்பகுதிச் சாலைகளின் நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பவேண்டும். மூடப்பட்டது என்று அறிவித்த சாலையில் நுழைந்தால் அபராதமும் உண்டு, சாலைக்கு நேரும் சேதத்துக்கான பணமும் கேட்பார்கள்.

ஸ்ட்ரெலெக்கி டிராக்கில் தார் போடும் பணி கட்டம் கட்டமாக நடந்துவருகிறது. இது நல்ல செய்திதான் என்றாலும், அந்தச் சுகத்தில் ஓட்டிவந்தவர்கள் சரளை தொடங்கும் இடத்திலும் அதே வேகத்தில் நுழைவது பெரும் ஆபத்து. சரளையில் டயர் அழுத்தத்தைச் சற்றுக் குறைத்து, 80 கி.மீ. வேகத்துக்குள் ஓட்டுங்கள். எதிரே பல பெட்டிகளை இழுத்துவரும் சாலைத் தொடர்லாரி வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி நின்று, புழுதி அடங்கியபின் நகருங்கள். கங்காரு, எமு, மாடு மூன்றும் அந்தி நேரத்தில் சாலைக்கு வரும் என்பதால் மாலை நான்கு மணிக்கெல்லாம் தங்குமிடம் சேர்ந்துவிடுவது நல்லது.

இன்னமிங்காவில் விடுதி ஒன்று, கடையும் எரிபொருளும் சேர்ந்த இடம் ஒன்று, கூப்பர் கரையில் டவுன் காமன் என்னும் பொது முகாமிடம். அன்றிரவு அங்கே தங்கி, பூங்கா அலுவலகத்திலோ கடையிலோ ஏரிப் பாதையின் அன்றைய நிலையை நேரில் கேளுங்கள். வரைபடத்தைவிட அவர்கள் சொல்வதற்கே மதிப்பு அதிகம்.

9. கடைசி 110 கி.மீ.

தொலைவைப் பார்த்து ஒன்றரை மணி நேரம் என்று எண்ணவேண்டாம். மூன்று முதல் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்புவது சரியாக இருக்கும். தொடக்கத்தில் எரிவாயு நிறுவனத்தின் சாலைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிரியும். அவை ஏரிப் பாதையைவிட அகலமாகவும் செப்பமாகவும் இருப்பதால் கை தானாக அந்தப் பக்கம் திருப்பிவிடும். பூங்காவின் அறிவிப்புப் பலகையை மட்டும் பின்பற்றுங்கள். வரைபடத்தை முன்கூட்டியே கருவியில் இறக்கி வைத்திருக்கவேண்டும்.

பாதை களிமண் சமவெளியையும் மணல்மேட்டையும் மாறி மாறிக் கடக்கிறது. மணலில் டயர் அழுத்தம் 18 முதல் 20 பிஎஸ்ஐ ஆகும்வரை காற்றை இறக்கிவிடுங்கள். களிமண் காய்ந்திருக்கையில் மேடுபள்ளமாக எலும்பைக் குலுக்கும், அவ்வளவுதான்; ஆனால் சில மில்லிமீட்டர் மழை விழுந்தாலே சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டி எங்கும் நகராது. வழியில் மழை தொடங்கினால் ஏரியை மறந்துவிட்டு உடனே திரும்பவேண்டும். இடையில் குட்ரிமிட்சி என்னும் பழைய மாட்டுப்பண்ணைப் புறநிலையம் ஓடைக்கரையில் இருக்கிறது. அங்கும் முகாமிடலாம், நேரமாகிவிட்டால் ஏரிவரை விரட்டிக்கொண்டு போகாமல் அங்கேயே நின்றுகொள்ளலாம்.

வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடந்து போகாதீர்கள். வண்டி நிழல் தரும், தண்ணீர் அதில்தான் இருக்கிறது, வானிலிருந்து தேடுபவர்களின் கண்ணுக்குப் படுவதும் அதுதான்.

10. ஏரிக்கரையில்

இரண்டு இரவு தங்குங்கள். ஓரிரவுக்கு இவ்வளவு பாடு தகாது. கழிப்பறை, குடிநீர், குப்பைத்தொட்டி எதையும் எதிர்பார்க்காமல், எடுத்துச்செல்லும் கழிப்பறையும் கெட்டியான குப்பைப் பைகளும் கொண்டுபோங்கள். மீன்பிடித்தல், ஜெனரேட்டர், மோட்டார் படகு, நாய் ஆகியவற்றுக்கு அனுமதியில்லை. துடுப்புப் படகு கொண்டுபோகலாம். பாத்திரமும் துணியும் ஏரியில் அலசவேண்டாம். நீரை வாளியில் மொண்டு, கரையிலிருந்து நூறு மீட்டராவது தள்ளிப்போய்க் கழுவிக் கொட்டுங்கள். கூழைக்கடா, நீர்க்காகம், வாத்து வகைகள் கரையோரம் கூட்டமாக இருக்கும். இருகண் நோக்கி (பைனாகுலர்) இல்லாமல் போனால் பாதிப் பயன்தான். வெள்ளம் வந்த ஆண்டுகளில் கொசு மிகுதி, அது ராஸ் ரிவர் காய்ச்சலைப் பரப்பும் என்பதால் மாலையில் முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டியும் தேவை. பகலில் ஈக்கள். தலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் ஈவலை பத்து டாலருக்குள் கிடைக்கும், கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த நிலம் யாண்ட்ருவாண்டா யாவரவரக்கா மக்களுடையது. கரையில் கிடக்கும் கல் கருவிகளையோ எலும்புகளையோ எடுக்கக் கூடாது.

11. திரும்பும்போது

திரும்பும் வழிக்கு இரண்டு உபரி நாள் விடுப்பு வைத்திருங்கள். விமானச்சீட்டு வாங்குவதானால் மாற்றக்கூடியதையே வாங்குங்கள். கெட்டியான சாலைக்கு வந்ததும் டயரில் காற்றை ஏற்றிவிடவேண்டும். குறைந்த அழுத்தத்தோடு வேகமாக ஓடும் டயர் சூடேறி வெடிக்கும். வண்டியின் அடியிலும் ரேடியேட்டர் முன்பும் சிக்கியுள்ள காய்ந்த புல்லை எடுத்துவிடுங்கள், தீப்பிடிக்கும். வாடகை வண்டியை ஒப்படைக்குமுன் அடிப்பகுதிவரை நீர் பீய்ச்சிக் கழுவி, நான்கு பக்கமும் படமெடுத்து வைத்துக்கொண்டால் சுத்தம் செய்ததற்கென்று பின்னர் வரும் கட்டணத்தை மறுக்க முடியும். சிக்னல் கிடைக்கும் முதல் ஊரிலேயே, பயணத் திட்டத்தைக் கொடுத்துவைத்தவரை அழைத்துத் திரும்பிவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் போர்ட் ஆகஸ்டாவில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது காவல்துறை உங்களைத் தேடத் தொடங்கியிருக்கும்.